பந்தைக் கண்டால் கண்ணை மூடும் அணிக்கு எட்டு வாரத்தில் எதைக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி: ஐயா, குடியாத்தத்துக்கும் பேர்ணாம்பட்டுக்கும் இடையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் நான் கணித ஆசிரியை. உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதால், மாணவிகளின் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற மட்டைப்பந்து ஆட்டம்) அணியைக் கவனிக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்திருக்கிறார். கல்லூரியில் எறிபந்து ஆடியதைத் தவிர எனக்கு வேறு அனுபவம் இல்லை. ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவிகள் பதினான்கு பேர் இருக்கிறார்கள். கையுறை எட்டு, மட்டை இரண்டு, பந்து ஆறு, கேட்சருக்கான (அடிப்பவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவள்) முகக்கவசம் ஒன்று இருக்கின்றன. சென்ற வாரம் காட்பாடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றுடன் ஆடிய நட்பு ஆட்டத்தில், நான்கே இன்னிங்ஸில் (இரு அணியும் ஒருமுறை மட்டை பிடித்து முடித்தால் ஓர் இன்னிங்ஸ்) 21க்கு 2 என்று தோற்றோம். ஸ்கோர் தாளை இணைத்திருக்கிறேன். போட்டிக்கு எட்டு வாரம் இருக்கிறது. மட்டையடியை நன்றாகப் பழக்கினால் தப்பிக்க முடியுமா? நன்றாக ஆடும் ஐந்தாறு பேரிடம் மட்டும் கவனம் வைப்பது சரியா? ஒரு மாணவி பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறாள். இன்னொருத்தி அருமையாகப் பிடிக்கிறாள். ஆனால் ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் எறிகிறாள், எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. வெயிலில் பிள்ளை கறுத்துப்போகிறாள் என்று சில பெற்றோர் அனுப்பத் தயங்குகிறார்கள். வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைவிட அதனுடன் வந்த ஸ்கோர் தாள்தான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. கணக்கு ஆசிரியர் கைப்பட எழுதிய தாள் என்பதால் ஒரு பந்துகூட விடுபடாமல் பதிவாகியிருக்கிறது. பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாகக் குறித்துக்கொண்டே வந்தேன். எதிரணியில் முதல் பேஸை, அதாவது அடித்தவள் ஓடிச் சேர வேண்டிய மூலைகளில் முதலாவதை, அடைந்தவர்கள் மொத்தம் 31 பேர். அவர்களில் 18 பேர் நான்கு பால் (அடிக்கத் தோதில்லாமல் விலகிப் போகும் பந்து) வாங்கி நடந்தே போனவர்கள். 9 பேர் நம் பிள்ளைகள் பந்தைத் தவறவிட்டதாலோ தலைக்கு மேல் எறிந்ததாலோ பிழைத்தவர்கள். மட்டையால் அடித்து, தம் திறமையால் பேஸுக்குப் போனவர்கள் 4 பேர்தான். எதிரணிப் பிள்ளைகள் மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு சும்மா நின்றிருந்தாலும் ஏறக்குறைய இதே கணக்குதான் வந்திருக்கும்.

ஆகவே மட்டையடியைப் பழக்கினால் தப்பிக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு, இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். பந்தைப் பிடிப்பது, பிடித்த பந்தை நேராக எறிவது, பிட்சர் (பந்து போடுபவள்) ஸ்டிரைக் போடுவது, அதாவது அடிப்பவளுக்கு முன்னால் உள்ள ஹோம் பிளேட்டின் மேலே சரியான உயரத்தில் பந்தைப் போடுவது, ஆகிய மூன்றுக்கே முதல் நான்கு வாரத்தையும் கொடுத்துவிடுங்கள். மட்டைக்கு ஒவ்வொரு நாளும் கடைசிப் பத்து நிமிடம் போதும். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், ஏனென்றால் அடிப்பதில்தான் அவர்களுக்கு ஆசை. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு எனக்குக் கிடைத்த முதல் அணியில் நான் அந்த ஆசைக்கு இணங்கினேன். மாலை முழுவதும் வரிசையில் நிற்க வைத்து ஒருவர் பின் ஒருவராக அடிக்க விட்டேன். ஒருத்தி அடிக்கும்போது பதினொரு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு மாதம் கழித்து, நன்றாக அடிக்கத் தெரிந்த, ஆனால் ஒரு தூக்குப் பந்தைக்கூடப் பிடிக்கத் தெரியாத அணி ஒன்று என்னிடம் இருந்தது. அதைவிட வருத்தமானது, முதல் நாளே நிஜப் பந்தைக் கொடுத்துப் பத்தடி தூரத்தில் எறிந்து பிடிக்கச் சொன்னதால் ஒரு மாணவியின் உதடு கிழிந்தது. அவள் அதன்பின் மைதானத்துப் பக்கமே வரவில்லை. அவளுக்குத் திறமை இருந்ததா இல்லையா என்பதை நான் தெரிந்துகொள்ளவே முடியாமல் போயிற்று.

கண்ணை மூடிக்கொள்ளும் உங்கள் மாணவியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. அவளைத் திட்டாதீர்கள். முகத்தை நோக்கி வரும் பொருளுக்குக் கண் மூடிக்கொள்வது உடம்பின் இயல்பு. அது பழக்கத்தால்தான் மாறுமே தவிர அதட்டலால் மாறாது. சாஃப்ட்பால் என்ற பெயரைக் கேட்டு அது மெத்தென்று இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். 1887இல் சிகாகோவில் ஒரு படகுக் கழகத்தின் கூடத்துக்குள் குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டி, துடைப்பக் கம்பால் அடித்து இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது அது உண்மையிலேயே மென்மையான பந்தாகத்தான் இருந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றைய 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்தின் எடை 178 முதல் 198 கிராம் வரை இருக்கும். கிரிக்கெட் பந்தைவிட இது கனமானது, சுற்றளவிலும் பெரியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதற்குப் பயப்படாவிட்டால்தான் ஆச்சரியம்.

முதல் இரண்டு வாரம் டென்னிஸ் பந்தை வைத்துத் தொடங்குங்கள், கையுறையும் வேண்டாம். உங்களிடம் எட்டுக் கையுறைகளே இருப்பது இந்தக் கட்டத்தில் ஒரு குறையே அல்ல. பழைய பரீட்சை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டி, பின்புறம் விரல்கள் நுழையும் அளவுக்கு ஒரு எலாஸ்டிக் நாடாவைத் தைத்துக் கொடுங்கள். எறியாத கையில் அந்த அட்டையை மாட்டிக்கொண்டு, வரும் டென்னிஸ் பந்தை அட்டையில் வாங்கி, மறு கையால் மூட வேண்டும். அட்டையால் பந்தைப் பற்ற முடியாது என்பதால் இரண்டாவது கை தானாகவே உதவிக்கு வரும். பந்து அட்டையில் படும் கணத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதால் கண்ணும் திறந்தே இருக்கும். மார்புக்கு மேல் வரும் பந்துக்கு விரல்நுனிகள் வானத்தைப் பார்க்க வேண்டும், இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்கு அவை தரையைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே விதியை மட்டும் சொல்லுங்கள். கண்ணை மூடும் மாணவிக்கு ஆறடி தூரத்தில் நின்று, கீழ்க்கையாக, நீங்களே பந்தை மெல்லப் போடுங்கள். பந்தின் மீது ஸ்கெட்ச் பேனாவால் எண்களை எழுதி வைத்து, பிடிப்பதற்குள் எந்த எண் என்று சொல்லச் சொன்னால், பயத்தை மறந்து எண்ணைத் தேடத் தொடங்கிவிடுவாள். இதை நான் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். நான்கைந்து நாளில் கண் திறந்துவிடும். அதன்பிறகு தூரத்தைக் கூட்டலாம்.

தரையில் உருண்டு வரும் பந்துக்கு வேறு பாடம் வேண்டும். நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் பந்து எந்தக் கல்லில் பட்டு எப்படி எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. பயிற்சி தொடங்குமுன் பதினான்கு பேரும் வரிசையாக நடந்து ஐந்து நிமிடம் கல் பொறுக்கட்டும். இதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, கால்களைத் தோளைவிட அகலமாக வைத்து, முழங்காலை மடக்கி, கையுறையின் நுனி மண்ணைத் தொடும்படி தாழ்ந்து நிற்கப் பழக்குங்கள். நின்றுகொண்டு கடைசி நேரத்தில் குனிகிறவளின் கால்களுக்கு இடையில்தான் பந்து போகும். முதலில் தாழ்ந்துவிட்டால், பந்து எகிறும்போது கையை மேலே தூக்குவது எளிது. கோலம் போடக் குனிவதுபோல் இடுப்பை மட்டும் வளைக்காமல், உட்காருவதுபோல் உடம்பையே இறக்கச் சொல்லுங்கள்; பெண் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு உடனே புரியும்.

எறிவதில் உங்கள் பிள்ளைகளின் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. நம் பெண்கள் பள்ளிகளில் எல்லோரும் எறிபந்து ஆடுகிறார்கள், நீங்களும் ஆடியிருக்கிறீர்கள். அந்த ஆட்டம் இரண்டு கையாலும் பிடிக்கும் நல்ல பழக்கத்தைத் தருகிறது, ஆனால் எறியும்போது எதிரே முகம் காட்டி நின்று, தோளிலிருந்து பந்தைத் தள்ளும் பழக்கத்தையும் சேர்த்தே தருகிறது. சாஃப்ட்பாலில் அப்படித் தள்ளினால் பந்து பத்து மீட்டரில் விழுந்துவிடும், தோளும் வலிக்கும். புளியமரத்தில் கல்லெறிந்து காய் விழ வைத்த பிள்ளை உங்கள் அணியில் ஒருத்தியாவது இருப்பாள். அவளை முன்னே அழைத்து, எறியச் சொல்லி, மற்றவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிற்பாள். முழங்கை தோள் உயரத்துக்கு ஏறும். எதிர்க் கால் இலக்கை நோக்கி ஓர் அடி வைக்கும். எறிந்த கை எதிர்ப்பக்க முழங்காலை நோக்கி இறங்கி முடியும். நாம் கற்பிக்க வேண்டிய அனைத்தும் அதிலேயே இருக்கிறது. பந்தைப் பிடிக்கும் முறையை மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும்: விரல்நுனிகள் தையலின் குறுக்கே படிய வேண்டும், உள்ளங்கைக்கும் பந்துக்கும் இடையில் சிறிது வெளிச்சம் தெரிய வேண்டும். சிறு கைகளுக்கு இரண்டு விரல் போதாது. மூன்று அல்லது நான்கு விரலால் பிடிக்கட்டும். கைக்கு அடங்காத பிள்ளைகளுக்கு 11 அங்குலப் பந்து ஒன்றிரண்டு வாங்கிப் பயிற்சியில் பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு நாளும் இருவர் இருவராக எதிரெதிரே நின்று இருபது நிமிடம் எறிந்து பிடிப்பதே உங்கள் அணியின் அடிப்படைப் பாடமாக இருக்கட்டும். கையுறை கிடைக்காத ஜோடிகள் டென்னிஸ் பந்தில் ஆடட்டும்; ஏழு ஜோடிகளும் ஒரே நேரத்தில் ஆடுவதால் யாரும் சும்மா நிற்க மாட்டார்கள். தொடர்ந்து எத்தனை முறை தவறாமல் பிடித்தார்கள் என்பதை ஜோடியாக எண்ணி, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதல் வாரம் ஆறு, ஏழு என்று இருக்கும் எண்ணிக்கை நான்காம் வாரத்தில் ஐம்பதைத் தொடும்போது, தாங்கள் வளர்கிறோம் என்பதை ஆட்டத்தில் வெல்லாமலேயே அவர்கள் கண்ணால் காண்பார்கள்.

இனி அந்த 18 நடைகளுக்கு வருவோம். தொடக்கநிலை ஆட்டங்களில் பிட்சர்தான் முடிவைத் தீர்மானிக்கிறார். தொலைக்காட்சியில் பார்க்கும் காற்றாலைச் சுழற்சியைப் பிள்ளைகள் உடனே செய்ய விரும்புவார்கள். கை முழு வட்டம் சுற்றும் அந்த முறையில் வேகம் கிடைக்கும். ஆனால் எட்டு வாரத்தில் அதைக் கட்டுக்குள் கொண்டுவருவது மிகக் கடினம். கையை நேரே பின்னால் கொண்டுபோய், ஊஞ்சல்போல் முன்னால் வீசி, இடுப்பருகே விடும் பழைய முறையும் விதிப்படி சரியானதே. பந்தை விடும்போது கை இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், மணிக்கட்டு முழங்கையைவிட உடலைவிட்டு விலகக் கூடாது, எறிவதற்கு முன் இரு கைகளையும் சேர்த்து ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஆண்டு அதையே கற்றுக்கொடுங்கள். ஸ்டிரைக் விழும் மெதுவான பந்து, ஸ்டிரைக் விழாத வேகப் பந்தைவிட உங்கள் அணிக்கு நூறு மடங்கு பயன்படும்.

பிட்சராக மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். கை பலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நான்கு பந்து தவறிய பிறகும் முகம் மாறாமல் ஐந்தாவதைப் போடுகிறவள் யார் என்று பாருங்கள். இரண்டு கம்பங்களை நட்டு, அவற்றுக்கிடையே குறுக்காக இரண்டு கயிறுகளைக் கட்டுங்கள். கீழ்க் கயிறு மாணவியின் முழங்கால் உயரத்தில், மேல் கயிறு அக்குள் உயரத்தில் இருக்கட்டும். ஹோம் பிளேட்டின் அகலமான 43 சென்டிமீட்டர் தெரிய, நடுவில் இரண்டு துணி நாடாக்களைத் தொங்கவிடுங்கள். அந்தச் சன்னலுக்குள் பந்து போக வேண்டும். முதலில் 8 மீட்டரிலிருந்து போடட்டும். பத்துக்கு ஆறு உள்ளே போகத் தொடங்கிய பின் ஒரு மீட்டர் பின்னால் நகரட்டும். பெண்கள் ஆட்டத்தில் முழுத் தூரம் 43 அடி, அதாவது 13.11 மீட்டர். சில நாடுகளில் சிறுமிகளுக்கு இந்தத் தூரத்தைக் குறைத்தே வைக்கிறார்கள். உங்கள் போட்டியின் வயதுப் பிரிவுக்கு எந்தத் தூரம், எந்த அளவுப் பந்து என்பதை அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தோளிலோ முழங்கையிலோ வலி என்று ஒருத்தி சொன்னால் அன்றைக்கு அவள் எறிவது அதோடு நிற்க வேண்டும். வளரும் எலும்பில் வலியைப் பொறுத்துக்கொள்ளப் பழக்குவது பயிற்சி ஆகாது.

தூரத்தைச் சொன்னதால் மைதானத்தையும் சொல்லிவிடுகிறேன், இது உங்கள் பாடத்தோடு சேர்ந்தது. பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 18.29 மீட்டர். அது ஒரு சதுரம் என்பதால் ஹோம் பிளேட்டின் பின்முனையிலிருந்து இரண்டாம் பேஸ் வரை மூலைவிட்டம் ஏறக்குறைய 25.86 மீட்டர் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையே பிதாகரஸ் தேற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லி, கயிறு பிடித்துச் சுண்ணாம்புத்தூள் போட வையுங்கள். பிட்சர் நிற்கும் பலகை சதுரத்தின் சரியான மையத்தில் இல்லை, அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது என்பதை அவர்களே அளந்து கண்டுபிடிக்கும்போது அந்த மைதானம் அவர்களுடையதாகிவிடும். பேஸாகத் தட்டையான ரப்பர் விரிப்புத் துண்டுகளைப் போடுங்கள். கல்லோ செங்கல்லோ கூடவே கூடாது. முதல் பேஸில் மட்டும் இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கோட்டுக்கு வெளியே இருப்பதை ஓடிவருபவளுக்கும் உள்ளே இருப்பதைப் பந்து பிடிப்பவளுக்கும் ஒதுக்கிவிட்டால் மோதல் இருக்காது. பன்னாட்டு ஆட்டங்களிலும் இப்படி இரட்டை பேஸ் உண்டு.

பந்தை எடுத்த பிறகு எங்கே எறிவது என்று தெரியாமல் மூன்று திசையிலும் எறிந்ததால் எத்தனை ரன் போயிற்று என்பதை உங்கள் தாளே சொல்கிறது. இதற்கு விதியிலேயே ஒரு புகலிடம் இருக்கிறது. பிட்சரைச் சுற்றி 2.44 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடப்படுகிறது. அடித்தவளின் ஓட்டம் முடிந்து, அந்த வட்டத்துக்குள் பிட்சர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் அவுட் செய்ய முயலாமல் நின்றுவிட்டால், பேஸ்களுக்கு இடையில் இருப்பவர்கள் உடனே முன்னாலோ பின்னாலோ போய்விட வேண்டும். பேஸில் நிற்பவள் அதைவிட்டு நகர்ந்தால் அவுட். ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கட்டளை: “முதல் பேஸில் நிச்சயமாக அவுட் எடுக்க முடிந்தால் அங்கே எறி, சந்தேகம் வந்தால் பந்தைப் பிட்சரிடம் கொடு.” இதை மனப்பாடமாகச் சொல்ல வையுங்கள். மூன்றாம் பேஸுக்கு வீரமாக எறிந்து பந்து வேலிக்குப் போவதைவிட, ஒரு ரன்னரை இரண்டாம் பேஸில் நிற்க விட்டுவிட்டு அடுத்த பந்தை ஆடுவது எவ்வளவோ மேல்.

விதிகளில் பிள்ளைகள் அதிகம் குழம்புவது, எப்போது பேஸை மிதித்தால் போதும், எப்போது ஆளையே தொட வேண்டும் என்பதில்தான். டவுன் பஸ் இருக்கையை வைத்து விளக்குங்கள். ஓர் இருக்கையில் ஒருவர்தான் உட்கார முடியும். பின்னால் இருந்து ஒருவர் அந்த இடத்துக்கு வந்தே தீருவார் என்றால் இருப்பவர் எழுந்து அடுத்த இருக்கைக்குப் போயே ஆக வேண்டும். அப்படிக் கட்டாயமாகப் போகிறவளுக்கு, அவள் போக வேண்டிய பேஸைப் பந்துடன் மிதித்தாலே போதும். யாரும் விரட்டாமல் தானாக ஓடுகிறவளைத்தான் தொட வேண்டும். நாற்காலிகளைப் போட்டு வகுப்பறையிலேயே மழை நாளில் இதை நடத்திக் காட்டலாம். மேலே தூக்கி அடிக்கப்பட்ட பந்து பிடிபட்டால் ரன்னர் பழைய பேஸுக்குத் திரும்ப வேண்டும் என்பதையும், பிட்சரின் கையைவிட்டுப் பந்து போகும்வரை பேஸைவிட்டு விலகக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லுங்கள். மற்ற நுணுக்கங்கள் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

அண்ணன் தம்பிகளோடு தெருவில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளிடம் ஒரு ஆபத்தான பழக்கம் இருக்கும்: அடித்தவுடன் மட்டையோடு ஓடுவது. சாஃப்ட்பாலில் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். வீசி எறியவும் கூடாது, பின்னால் நிற்கும் கேட்சர் மீது படும். முதல் பேஸைத் தாண்டி நேராக ஓடலாம், வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை; ஆனால் இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் தாண்டிப் போனால் தொட்டு அவுட் ஆக்கிவிடுவார்கள். கோ-கோ ஆடும் பிள்ளைகள் இதில் வெகு சீக்கிரம் தேறுவார்கள், ஏனென்றால் ஓடிக்கொண்டே சட்டென்று நின்று திரும்ப அவர்களுக்குத் தெரியும். சறுக்கி விழுவதை உங்கள் மண் தரையில் கற்பிக்க வேண்டாம்.

மட்டைக்கு நான் ஒதுக்கச் சொன்ன பத்து நிமிடத்தில் நகரும் பந்தை அடிக்க விடாதீர்கள். காலி பெயின்ட் வாளியில் சிமென்ட் கலவையை ஊற்றி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாயை நட்டு, அதன் தலையில் பழைய சைக்கிள் டியூபைச் செருகிவிட்டால், பந்தை உட்கார வைக்கும் கம்பம் தயார். அதன் மேல் பந்தை வைத்து, தொங்கவிட்ட சாக்குத் துணியை நோக்கி அடிக்கட்டும். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கை கீழே, வலக்கை அதன் மேல் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். ஐந்தாம் வாரத்திலிருந்து பந்தை மட்டையால் மெல்லத் தட்டிவிடும் பன்ட்டையும், அதைவிட முக்கியமாக, ஸ்டிரைக் அல்லாத பந்தை விட்டுவிடும் பொறுமையையும் பழக்குங்கள். உங்களைப் போன்ற அணிகளே எதிரில் வரும்போது அவர்களும் நான்கு பால் கொடுப்பார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன், நீங்களும் இருக்க வேண்டும். முகக்கவசம் இல்லாமல் ஒரு நிமிடம்கூட யாரும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்காரக் கூடாது. மார்புக் கவசமும் கால் கவசமும் வரும்வரை நிஜப் பந்தில் மட்டையடியோடு கூடிய ஆட்டம் வேண்டாம். அடிப்பவளுக்கும் பேஸில் ஓடுபவர்களுக்கும் தலைக்கவசம் வேண்டும். இதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் எழுத்துமூலம் கேளுங்கள். கேட்சரின் எறியும் கை, பந்து வரும்போது முதுகுப் பக்கம் மறைந்திருக்கப் பழக்குங்கள்; இல்லையென்றால் விரல் போய்விடும்.

கையுறைகளைப் பொறுத்தவரை நீங்கள் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள். உங்கள் மாணவிகளின் வீட்டில் தோல் வேலையோ ஷூ கம்பெனி வேலையோ தெரிந்த ஒருவர் பெரும்பாலும் இருப்பார். அறுந்துபோன தோல் நாடாவை மாற்றிக் கோக்கவும், விறைப்பான கையுறையை அளவாக எண்ணெய் தொட்டுப் பதப்படுத்தவும் அவரைவிடச் சிறந்தவர் கிடைக்க மாட்டார். இரவில் உள்ளே ஒரு பந்தை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டி வைத்தால் ஒரு வாரத்தில் குழி விழுந்துவிடும். இந்த வேலைக்காகப் பள்ளிக்கு வரும் ஒரு தந்தை, அப்படியே மகள் ஆடுவதையும் நின்று பார்ப்பார்.

பெற்றோரின் தயக்கத்துக்கு அதுவே பாதி மருந்து. வேலூர்க்காரர்களுக்கு விளையாட்டு அந்நியமல்ல. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளு தூக்குதலில் தங்கம் வென்றதை இங்கே அறியாதவர் குறைவு. ஆனால் சாஃப்ட்பால் என்றால் என்னவென்று அவர்கள் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றுக்காக மகளை வெயிலில் அனுப்பத் தாய் தயங்குவதில் தவறில்லை. ஒரு சனிக்கிழமை காலை அழைத்து அரை மணி நேரம் காட்டுங்கள். பதக்கம், ஒதுக்கீடு என்று எதையும் வாக்குறுதியாகச் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு முடியும், எந்தப் பஸ்ஸுக்கு விடுவீர்கள், யார் உடன் இருப்பார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லி, அந்த நேரத்தை ஒருநாளும் மீறாதீர்கள். வேலூர் வெயில் ஆடி மாதத்திலும் சுடும். காலை ஏழிலிருந்து எட்டரைக்குள்ளோ மாலை நான்கரைக்கு மேலோ வைத்துக்கொண்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தித் தண்ணீரோ உப்பிட்ட நீர்மோரோ கொடுங்கள். நிறம் பற்றி விவாதிக்க வேண்டாம். ஒரு தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட்டு அனுப்பச் சொல்லுங்கள், அவர்கள் சமாதானமாவார்கள்.

ஐந்தாறு பேரிடம் மட்டும் கவனம் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. இந்த ஆட்டத்தில் ஒன்பது பேரும் வரிசைப்படி மட்டை பிடித்தே ஆக வேண்டும். சிறந்த ஒருத்தியே திரும்பத் திரும்ப வந்து காப்பாற்ற வழியில்லை. அதோடு, ஏழாம் வகுப்பில் பின்தங்கி நிற்பவள் ஒன்பதாம் வகுப்பில் யாராக வளர்வாள் என்பதை இப்போது நாம் அறிய முடியாது. தொடக்கத்தில் ஆடிய ஒருத்தியை வெளியே எடுத்துவிட்டு, அதே மட்டை வரிசையிடத்தில் ஒருமுறை மீண்டும் உள்ளே கொண்டுவர விதி இடம் தருகிறது. அதைப் பயன்படுத்திப் பதினான்கு பேரையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஏதாவது ஓர் இன்னிங்ஸில் இறக்குங்கள். தவறு செய்தவளை உடனே வெளியே எடுக்காதீர்கள், மைதானத்தைச் சுற்றி ஓட வைக்காதீர்கள். மூன்று ஸ்டிரைக் வாங்கி அவுட் ஆகி அழுதுகொண்டு வருகிறவளுக்கு அந்த நேரத்தில் அறிவுரை காதில் ஏறாது; தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, அடுத்து யார் அடிக்கப் போகிறாள் என்பதைக் கவனித்துச் சொல்லும் வேலையை அவளிடம் ஒப்படையுங்கள்.

பன்னாட்டு விதிப்படி ஐந்து இன்னிங்ஸுக்குப் பிறகு 7 ரன் பின்தங்கியிருந்தால் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடுவார்கள். உங்கள் போட்டியிலும் அந்த விதி இருந்தால், ஆட்டம் முழுவதும் ஆடி முடிப்பதையே இந்த ஆண்டின் இலக்காகப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அடுத்த நட்பு ஆட்டத்தின் ஸ்கோர் தாளில் 18 என்ற எண் 9 ஆகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ரன் கணக்கை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

கடைசியாக, கையுறையைக் கழற்றிவிட்டு எறியும் மாணவி. அவள் உங்கள் பேச்சைக் கேட்காதவள் அல்ல. நாளைக்கு அவளிடம் ஒரு கல்லைக் கொடுத்து எறியச் சொல்லி, எந்தக் கையை நீட்டுகிறாள் என்று பாருங்கள். அவள் இடக்கைக்காரியாக இருப்பாள் என்றே நினைக்கிறேன். பள்ளிகளில் வாங்கி வைக்கும் கையுறைகள் பெரும்பாலும் இடக்கையில் மாட்டுபவை. அவள் அதை இடக்கையில் மாட்டிப் பிடித்துவிட்டு, எறிவதற்காக அதே இடக்கையை விடுவிக்க வேண்டியிருக்கிறது. எறியும் கையிலேயே கையுறையை மாட்டிக்கொண்டும் அருமையாகப் பிடிக்கிறாள் என்றால் அவளுடைய கண்ணும் கையும் எவ்வளவு கூர்மையானவை என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் இடக்கைக்காகத் திட்டு வாங்கி வளர்ந்திருந்தால் அவளாக இதைச் சொல்லவும் மாட்டாள். வலக்கையில் மாட்டும் கையுறை ஒன்றைத் தனியாகச் சொல்லி வரவழையுங்கள். கடையில் கேட்கும்போது இடக்கையால் எறிபவருக்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் மீண்டும் பழையதையே கொடுத்துவிடுவார்கள். அது வந்ததும் அவளை முதல் பேஸில் நிறுத்திப் பாருங்கள். அங்கே நிற்கும் இடக்கைக்காரிக்கு மற்ற பேஸ்கள் எல்லாம் கையுறை மாட்டிய வலப்பக்கத்திலேயே இருக்கும். உடம்பைத் திருப்பாமலேயே இரண்டாம் பேஸுக்கு எறிவாள்.